டிரெட்மில்லில் யாரும் தொடாத பொத்தான்

நம் ஊரில் பலர் முதன்முதலாக டிரெட்மில்லில் ஏறுவது இதய மருத்துவமனையில்தான். மாஸ்டர் செக்கப்புக்குப் போனவர்கள், நெஞ்சில் ஏதோ குத்துகிறது என்று போனவர்கள், அறுவை சிகிச்சைக்கு முன்னால் இதயம் தாங்குமா என்று பார்க்க அனுப்பப்பட்டவர்கள், எல்லோருக்கும் ‘டிஎம்டி’ (டிரெட்மில் டெஸ்ட்) என்ற மூன்றெழுத்து பழக்கம். மார்பில் பத்து இடத்தில் ஒட்டிய மின்முனைகள், கையில் இரத்த அழுத்தப் பட்டை, எதிரே ஒரு திரை. சோதனை முடித்து வந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். வேகமாக ஓட வைத்தார்கள் என்று சொல்கிறவர்கள் குறைவு. “மேலே தூக்கிக்கொண்டே போனது, அப்புறம் மூச்சு வாங்கிவிட்டது” என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

அந்தச் சோதனைக்கு வடிவம் கொடுத்தவர் ராபர்ட் புரூஸ். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதய மருத்துவராக இருந்தவர். 1963-இல் அவர் வெளியிட்ட படிமுறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளிலும் அதுதான் பரவலானது. முதல் மூன்று நிமிடத்துக்கு வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர். கடைத்தெருவில் வேடிக்கை பார்த்தபடி நடக்கிற வேகம்கூட இல்லை. ஆனால் ஏற்றம், அதாவது பலகையின் சாய்வு, எடுத்த எடுப்பிலேயே 10 சதவீதம்: நூறு மீட்டர் நடந்தால் பத்து மீட்டர் உயரம். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். அதற்கடுத்து 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். ஒன்பதாவது நிமிடம் முடிகிறபோதும் வேகம் ஒரு விறுவிறுப்பான நடையைத் தாண்டவில்லை. அதற்குள் பலருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

இப்போது உங்கள் பகுதி உடற்பயிற்சிக் கூடத்துக்கு வாருங்கள். அதே இயந்திரம். அதே இரண்டு பொத்தான் வரிசை, ஒரு பக்கம் வேகம், இன்னொரு பக்கம் ஏற்றம். வேகப் பொத்தானில் அம்புக்குறி தேய்ந்து அழிந்திருக்கும். ஏற்றப் பொத்தான் கடையிலிருந்து வந்த நாளின் பளபளப்போடு இருக்கும். எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இருக்கும் இரண்டு டிரெட்மில்களிலும் இதுதான் நிலைமை. காலை ஆறு மணிக்கு வருகிறவர்கள் 5-இல் தொடங்கி, 6-க்குப் போய், துணிச்சல்காரர்கள் 8-இல் ஐந்து நிமிடம் தடதடவென்று ஓடி, திரையில் கலோரி 200 ஆனதும் இறங்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் இதே 200. இடுப்புச் சுற்றளவும் அதேதான். ‘டிரெட்மில்லால் ஒரு பிரயோசனமும் இல்லை சார்’ என்ற புகார் பிறகு லிஃப்டில் வரும்.

பிரயோசனம் இருக்கிறது. இதய மருத்துவர்கள் பயன்படுத்துகிற மாதிரி பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். அதாவது வேகத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு ஏற்றத்தில் கை வைக்க வேண்டும். ஏற்றிய பிறகு கம்பியிலிருந்து கையை எடுக்க வேண்டும். நான் இந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஏன் என்று தெரியாமல் யாரும் செய்ய மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு நடைக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. உங்கள் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவும் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்பதை அது சொல்லும். சும்மா உட்கார்ந்திருந்தாலே 3.5. அதோடு, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் நடக்கிறீர்களோ அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். ஏற்றம் இருந்தால், வேகத்தை ஏற்றத்தால் (5 சதவீதம் என்றால் 0.05) பெருக்கி, அதை 1.8-ஆல் பெருக்கி அதையும் கூட்ட வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 83 மீட்டர். சமதளத்தில் மொத்தம் 11.8 வருகிறது. வேகத்தை 6-ஆகக் கூட்டினால் 13.5. அதே 5 கிலோமீட்டரில் ஏற்றத்தை 5 சதவீதம் வைத்தால் 19.3. பத்து வைத்தால் 26.8.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக் கிடைப்பது 1.7. ஏற்றத்தில் ஒரே ஒரு எண்ணைக் கூட்டிக் கிடைப்பது 1.5. ஏறக்குறைய சமம். நடக்கிற ஒருவர் வேகத்தை எத்தனை கிலோமீட்டர் கூட்ட முடியும்? ஆறரை, ஏழு என்று போனாலே கால் தானாக ஓட்டத்துக்கு மாறிவிடும். ஏற்றத்திலோ 12, 15 என்று எண்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. 12 சதவீத ஏற்றத்தில் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதும், சமதளத்தில் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதும் ஆக்சிஜன் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். முன்னதில் 29.8, பின்னதில், ஓட்டத்துக்கான தனிச் சூத்திரப்படி, 30.2. ஆனால் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. நடையில் அது உடல் எடையைச் சற்றே தாண்டும். ஐம்பதை நெருங்கும் முழங்காலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

டிஎம்டி அறிக்கை கையில் இருந்தால் ‘மெட்ஸ்’ என்று ஒரு எண் போட்டிருப்பதைப் பார்க்கலாம். அது வேறொன்றுமில்லை, உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் அந்த 3.5-ஐப் போல எத்தனை மடங்கு உங்களால் முடிந்தது என்பதுதான். மேலே சொன்ன 11.8 என்பது 3.4 மெட். 26.8 என்பது ஏழரையைத் தாண்டிய மெட். இந்த எண்ணை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2002-இல் ஜொனாதன் மையர்ஸும் உடன் ஆய்வாளர்களும், டிரெட்மில் சோதனைக்கு வந்த 6,213 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எட்ட முடிந்த ஒவ்வொரு மெட்டுக்கும் உயிர்வாழும் வாய்ப்பு 12 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சர்க்கரை எல்லாவற்றையும்விட இந்த உடல்திறன் எண்தான் யார் நீடிப்பார்கள் என்பதைத் தெளிவாகக் காட்டியது. திறன் உள்ளவர் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருந்தாலும், திரையில் வரும் கலோரியைத் துரத்துவதைவிட இந்த எண்ணைத் துரத்துவது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

கலோரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுபது கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் மொத்தம் 118 கலோரி போகும். அதில் 35 கலோரி அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும். நிகரம் 83. ஒரு மெதுவடைக்குக்கூட கட்டாது. பத்து சதவீத ஏற்றத்தில் அதே அரை மணி நேரம் என்றால் மொத்தம் 268. நிகரக் கணக்கில் ஏறக்குறைய மூன்று மடங்கு. பல இயந்திரங்கள் உங்கள் எடையைக் கேட்பதில்லை, கேட்டாலும் யாரும் பதில் சொல்வதில்லை. அப்படியிருக்க அதன் திரையில் வரும் 200-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்களை என்ன சொல்வது?

உயரக் கணக்கு இன்னும் சுவையானது. 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் என்றால் இரண்டரை கிலோமீட்டர். பத்து சதவீதம் என்றால் அதில் 250 மீட்டர் உயரம். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். அரை மணி நேரத்தில் உச்சிப் பிள்ளையாரை மூன்று முறை பார்த்த உயரம் வந்துவிடுகிறது, ஒரு தடவைகூட இறங்காமல்.

இதைச் சொன்னதும் எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் சண்டைக்கு வந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஆறு மணிக்கு என்னோடு பக்கத்து இயந்திரத்தில் நடப்பவர். “இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். உயரம் எங்கே ஏறினீர்கள்? பெல்ட்தானே காலை இழுத்துக்கொண்டு போகிறது? பாதி வேலையை மோட்டார் செய்துவிடுகிறது” என்றார். இந்தச் சந்தேகம் பலருக்கும் உண்டு. மெட்ரோ நிலையத்தில் கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் மேல்நோக்கி நடந்து பாருங்கள் என்றேன். இருந்த இடத்திலேயே நிற்பீர்கள். ஆனால் ஒவ்வொரு படிக்கும் உடம்பைத் தூக்கித்தான் ஆக வேண்டும். படி உங்களைக் கீழே இறக்குகிறது, நீங்கள் உங்களை மேலே ஏற்றிக்கொள்கிறீர்கள். டிரெட்மில் ஏற்றமும் அதேதான். சமதளத்திலும் பெல்ட் சீரான வேகத்தில் ஓடுகிறவரை, தரையில் நடப்பதற்கும் அதில் நடப்பதற்கும் இயற்பியல்படி வித்தியாசம் கிடையாது. ஒன்றே ஒன்று குறைகிறது, எதிர்க்காற்று. வேகமாக ஓடுகிறவர்களுக்கு அது பொருட்டு. அதை ஈடுகட்ட 1 சதவீத ஏற்றம் வைத்தால் போதும் என்று ஆண்ட்ரூ ஜோன்ஸும் ஜொனாதன் டௌஸ்டும் 1996-இல் அளந்து காட்டினார்கள். நடக்கிறவர்களுக்கு எதிர்க்காற்று ஒரு விஷயமே இல்லை.

வங்கி அதிகாரி ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் வந்து ஏற்றத்தை நேராக 12-இல் வைத்தார். வைத்துவிட்டு அவர் நின்ற கோலத்தை நான் விவரிக்க வேண்டும், ஏனென்றால் எல்லா ஊரிலும் எல்லாக் கூடத்திலும் யாராவது ஒருவர் இப்படித்தான் நடந்துகொண்டிருப்பார்.

இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்திருந்தார். முழங்கைகள் விறைத்து நீண்டிருந்தன. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. இடுப்பு பின்னால் தள்ளி, உடம்பு முழுவதும் பின்பக்கமாகச் சாய்ந்து, பெல்ட்டுக்குச் செங்குத்தாக நின்றது. பெல்ட் சாய்ந்த அளவுக்கு அவரும் சாய்ந்துவிட்டார். அப்படிச் சாய்ந்துவிட்டால் காலுக்கும் பலகைக்கும் இடையிலுள்ள கோணம் சமதளத்தில் இருப்பதுதான். எடையில் ஒரு பகுதியைக் கை தாங்குகிறது. உடம்பைத் தூக்குகிற வேலையைக் கம்பி பங்கு போட்டுக்கொள்கிறது. திரை மட்டும் 12 சதவீதத்துக்கான கலோரியை நேர்மையாகக் கூட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கை இருக்கும் இடம் தெரியாது. டிஎம்டி சோதனையில் கம்பியை இறுகப் பிடித்தால் உண்மையில் உள்ளதைவிடத் திறன் கூடுதலாகக் காட்டிவிடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதனால்தான் அங்கே “இறுக்கிப் பிடிக்காதீர்கள், விரலை மட்டும் வையுங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

“சார், கையை எடுத்து நடந்து பாருங்கள்” என்றேன். எடுத்தார். நாலு அடி வைப்பதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டார். “முடியவில்லையே.”

“அப்படியென்றால் 12 உங்களுக்கு இல்லை. 4 வையுங்கள்.”

நான்கு என்ற எண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். வாழ்நாள் முழுக்க எண்களோடு புழங்கியவருக்கு 12-இலிருந்து 4-க்கு இறங்குவது பதவி இறக்கம் போலப் பட்டிருக்க வேண்டும். ஆனால் கையை வீசி, முதுகை நிமிர்த்தி, 4-இல் நடக்கத் தொடங்கியதும் பத்து நிமிடத்தில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவர் பேச்சைக் குறைப்பது அவ்வளவு எளிதில் நடக்கிற காரியம் இல்லை.

கையை விட்டு நடக்க முடிகிற ஏற்றம் எதுவோ அதுதான் உங்கள் ஏற்றம். இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியாது. சமநிலை தடுமாறுகிறவர்கள், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் பக்கவாட்டுக் கம்பியில் விரல் வைத்துக்கொள்ளலாம், தவறே இல்லை. தொங்குவதுதான் கூடாது. ஏற்றத்தில் லேசாக முன்னால் சாய்வது இயல்பு. அந்தச் சாய்வு கணுக்காலிலிருந்து வர வேண்டும். இடுப்பில் மடிந்து கூன் போட்டுக்கொண்டு நடந்தால் மறுநாள் கீழ்முதுகு சொல்லிக்காட்டும். அடிகளைச் சின்னதாக வைத்தால் இது தானாகச் சரியாகிவிடும்.

சமூக ஊடகங்களில் ‘12-3-30’ என்று ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏற்றம் 12, வேகம் 3 மைல், நேரம் 30 நிமிடம். மூன்று மைல் என்றால் 4.8 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 8 மெட்டுக்கு மேல் வருகிறது. நல்ல பயிற்சிதான், சந்தேகமில்லை. ஆனால் டிஎம்டியில் 7 மெட்டில் மூச்சு வாங்கி நின்றவர் இதை அரை மணி நேரம் செய்ய முடியாது. கம்பியில் தொங்கினால்தான் முடியும். புகழ்பெற்ற எண்களை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வதில் உள்ள சிக்கல் இது.

எவ்வளவு கடினமாக நடக்க வேண்டும் என்பதற்கு இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்வார்கள். 220-இலிருந்து வயதைக் கழி என்பது பழைய கணக்கு. வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழி என்பது 2001-இல் டனாகாவும் குழுவினரும் சொன்ன கணக்கு. ஐம்பது வயதுக்கு முதல் கணக்கில் 170, இரண்டாவதில் 173. இரண்டுமே சராசரிதான். தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். இதைவிடப் பெரிய சிக்கல், நம் ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களில் எத்தனையோ பேர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதில் அட்டினோலால், மெட்டோபுரோலால் வகை இருந்தால் இதயத் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாது. மணிக்கட்டில் ஸ்மார்ட் கடிகாரம் 110 என்று காட்டும், உடம்போ முழுமூச்சில் உழைத்துக்கொண்டிருக்கும். கடிகாரத்தை நம்பி ஏற்றத்தை இன்னும் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து.

அதனால் நான் பேச்சை நம்புகிறேன். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் தொடர்ந்து பேச முடியவில்லை என்றால் கடும் உழைப்பு. பாடுவதற்கு எங்கள் கூடத்தில் அனுமதி இல்லை என்பதால் வீட்டு முகவரியைச் சொல்லிப் பார்ப்பேன். கதவு எண்ணில் தொடங்கித் தெரு, பகுதி, ஊர், பின்கோடு வரை ஒரே மூச்சில் வந்தால் ஏற்றம் போதவில்லை. ஊர் பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு வாங்க வேண்டியிருந்தால் சரியான இடம். தெருவிலேயே நின்றுவிட்டால் கடுமை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு வேண்டும். இரண்டையும் கலந்துகொள்ளலாம். நான் கலந்துதான் செய்கிறேன். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் 5 கிலோமீட்டர் வேகத்தில், 5 அல்லது 6 சதவீதத்தில், முப்பத்தைந்து நிமிடம் வாக்கில். ஒரு நாள் மட்டும் கடுமை.

அந்தக் கடும் நாளுக்கு நார்வேக்காரர்களிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறேன். டிரான்ட்ஹைம் நகரப் பல்கலைக்கழகத்தில் யான் ஹெல்கெரூட், உல்ரிக் விஸ்லோஃப் போன்றவர்கள் ஆராய்ந்த முறை. நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் இலகுவாக, இப்படி நான்கு சுற்று. கடும் பகுதியில் இதயத் துடிப்பு உச்சத்தில் 85 முதல் 95 சதவீதம் வரை போக வேண்டும். ஐம்பது வயதுக்காரருக்கு 147-க்கும் 164-க்கும் இடையில். வெளியே ஓடி இதைச் செய்வதென்றால் மைதானம் வேண்டும், ஓடப் பழகியிருக்க வேண்டும். டிரெட்மில்லில் வேகத்தைத் தொடவே வேண்டாம். வேகம் 5-இலேயே இருக்கட்டும். ஏற்றத்தை 10-க்குக் கொண்டுபோய் நான்கு நிமிடம், 1-க்கு இறக்கி மூன்று நிமிடம். ஒரு நுணுக்கம் உண்டு: ஏற்றம் மோட்டார் மெதுவாகத்தான் தூக்கும், பத்துக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். அதனால் மூன்று நிமிடம் முடிவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட வேண்டும். முதல் சுற்றில் இதயம் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது; கவலைப்பட்டு ஏற்றத்தைக் கூட்டக்கூடாது. மூன்றாவது சுற்றில்தான் கணக்குத் தீர்க்கும்.

சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறவர்கள் இந்தக் கடும் நாளுக்குப் போகுமுன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அவர் ஒருவேளை டிஎம்டிக்கு அனுப்பலாம். போங்கள். உங்கள் மெட் எண் இலவச இணைப்பாகக் கிடைக்கும்.

ஏற்றத்துக்குப் புதியவர்களுக்கு முதலில் வலிப்பது மூச்சு அல்ல, கெண்டைக்கால். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் ஒவ்வொரு அடியிலும் வழக்கத்தைவிட அதிகமாக இழுபடுகிறது. இரண்டு அல்லது மூன்றில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு எண் வீதம் கூட்டினால் அது பழகிக்கொள்ளும். காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறவர்கள் அது சரியாகும்வரை ஏற்றத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. முடிக்கும்போதும் சட்டென்று நிறுத்தி இறங்கக்கூடாது. காலில் விரிந்த இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்கி, தலை கிறுகிறுக்கும். ஐந்து நிமிடம் சமதளத்தில் மெதுவாக நடந்த பிறகு இறங்கினால் போதும். இறங்கியதும் தரை நகர்வது போலத் தோன்றுவது வேறு, அது பயப்பட வேண்டியதில்லை.

மின்விசிறி ஆடம்பரம் இல்லை. வெளியே நடக்கும்போது நாமே நமக்குக் காற்று வீசிக்கொள்கிறோம். இருந்த இடத்தில் நடக்கும்போது நம் வியர்வையின் ஈரமே நம்மைச் சுற்றி நின்றுவிடுகிறது. சென்னையின் புழுக்கத்தில் அது உலரவும் செய்யாது. உடம்பு சூட்டைத் தணிக்கத் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது. ஏற்றமும் வேகமும் மாறாமலே இருபது நிமிடத்துக்குப் பிறகு இதயத் துடிப்பு மேலே போய்க்கொண்டிருக்கும். சிலர் இதை நல்ல உழைப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். கூடத்தின் விசிறியை அணைத்துவிட்டு, மழைக்கோட்டு மாதிரி ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பவரையும் பார்த்திருக்கிறேன். அவர் இழப்பது தண்ணீர். வீட்டுக்குப் போய் இரண்டு டம்ளர் குடித்ததும் திரும்பிவிடும்.

ஏற்றமே வேண்டாத ஒரு வேளையும் உண்டு. சாப்பிட்ட பிறகு. 2013-இல் லொரெட்டா டிபியெட்ரோவும் குழுவினரும் அறுபது வயதைக் கடந்த, சர்க்கரை நோய் வரும் வாய்ப்புள்ளவர்களை மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பதினைந்து நிமிடம் டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். வெறும் 3 மெட் அளவுதான், சாதாரண நடை. நாள் முழுவதுக்குமான சர்க்கரை அளவில், காலையில் ஒரேயடியாக முக்கால் மணி நேரம் நடந்ததற்கு இணையான பலன் கிடைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையில் அதைவிட நல்ல பலன். இரவு இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டுத் தொடர் பார்க்கிற வீடுகளில் டிரெட்மில் இருந்தால், அந்தத் தொடரின் முதல் பாதியை அதன் மேல் நடந்தபடி பார்க்கலாம். மெதுவாக, சமதளத்தில். அந்த நேரத்தில் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வீட்டில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் மோட்டாரின் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அது உச்சத் திறனா, தொடர்ந்து தாங்கும் திறனா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். அதைவிட முக்கியமாக, ஏற்றம் எத்தனை சதவீதம், அது மோட்டாரில் ஏறுமா, குனிந்து கையால் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். விலை குறைந்த பல இயந்திரங்களில் மூன்றே நிலை, அதுவும் கையால். நடந்துகொண்டிருக்கும்போது மாற்ற முடியாது. என் கணக்கில், புளூடூத் ஸ்பீக்கரும் பெரிய திரையும் இல்லாத, ஆனால் 12 வரை மோட்டாரில் ஏறும் இயந்திரம் எவ்வளவோ மேல். வாங்கிய பிறகு பெல்ட்டுக்கு அடியில் கையேட்டில் சொன்னபடி சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி உயரமான இடத்தில் வைத்துவிட வேண்டும். ஓடும் பெல்ட்டில் ஒரு பிஞ்சு விரல் பட்டால் நொடியில் தோல் உரிந்துவிடும்.

திரையில் காட்டும் வேகம் உண்மைதானா என்று சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. இயந்திரத்தை அணைத்துவிட்டு, பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அளவுநாடாவை வைத்துப் பெல்ட்டைக் கையால் நகர்த்தி நகர்த்தி அந்தக் கோடு திரும்ப வரும்வரை அளந்தால் பெல்ட்டின் முழு நீளம் கிடைக்கும். அது இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சரியாக 100 மீட்டர். கோடு ஒரு நிமிடத்தில் 40 முறை வந்து போக வேண்டும். நீங்கள் மேலே நடந்துகொண்டிருக்கும்போது வேறொருவர் எண்ண வேண்டும், வெறும் பெல்ட்டை ஓடவிட்டு எண்ணினால் கணக்குப் பொய்யாகிவிடும். ஏனென்றால் மலிவான மோட்டார்கள் பாரம் ஏறியதும் தளர்கின்றன. எங்கள் கூடத்தின் இரண்டு இயந்திரங்களில் ஒன்று இப்படித்தான் தாராளமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதில் நடந்தவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்பதால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாதாரண டிரெட்மில்லால் தர முடியாதது ஒன்று உண்டு. அது ஏற்றும், இறக்காது. முழங்காலுக்கு இது வசதி. தொடைத் தசைக்கு இழப்பு. கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. வயதான காலத்தில் நாற்காலியில் மெதுவாக உட்காரவும், தடுக்கினால் விழாமல் சமாளிக்கவும் அந்த வலிமைதான் உதவுகிறது. தைவானில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் கொண்ட வயதான பெண்களில் ஒரு குழுவைப் படியில் ஏறவும், இன்னொரு குழுவை இறங்கவும் மட்டும் பழக்கினார்கள். இறங்கிய குழுவுக்குத்தான் தசை வலிமையிலும் எலும்பு அடர்த்தியிலும் கூடுதல் பலன். அதனால் காலையில் ஏற்றம் முடித்ததும் லிஃப்டில் மொட்டை மாடிக்குப் போய், அங்கிருந்து படியில் என் தளத்துக்கு இறங்கி வருகிறேன். எல்லோரும் படியில் ஏறி லிஃப்டில் இறங்கச் சொல்லும்போது இது என்ன தலைகீழ் வழக்கம் என்று எங்கள் செக்யூரிட்டி கேட்டார். வங்கி அதிகாரி இப்போது 6 சதவீதத்தில் இருக்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு இறங்கலாம் என்று பார்க்கிறேன். லிஃப்டில் மேலே போகிற நேரத்தில் செக்யூரிட்டிக்கான பதிலை அவரே தயார் செய்துவிடுவார்.